போன்சாய் வாடுதா? எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு செய்வது

ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு வாசலில் யாராவது ஒருவரின் மோட்டார் சைக்கிள் நிற்கும். ஹாண்டிலில் சொப்பிங் பை, பைக்குள் ஒரு சின்னச் சாடி, சாடிக்குள் வாடிப்போன ஒரு போன்சாய், அதாவது சாடியிலேயே குட்டையாக வளர்க்கும் இத்தியோ ஆலோ புளியோ. கொண்டு வருகிறவர் வாயில் முதலில் வருவது இதுதான்: "ஒவ்வொரு நாளும் தவறாமத் தண்ணி ஊத்தினனான், பிறகும் ஏன் இப்படி?"

அந்தப் பேச்சுக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. நம்முடைய பக்கத்தில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று ஆழமில்லாத சாடியை அரை நாளில் காய வைத்துவிடும். நவம்பர், டிசம்பர் மாரியில் அதே சாடி ஒரு கிழமை சென்றாலும் காயாது. இரண்டு காலத்துக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே இடம் என்று வைத்திருப்பதால்தான் புதிதாக வளர்ப்பவர் கையில் மரம் நிற்பதில்லை. அடுத்தது பயம். நாலு இலை கொட்டியதும் பதறிப்போய் ஒரே கிழமையில் பசளை போட்டு, மண்ணும் மாற்றி, கொப்பும் வெட்டி விடுகிறார்கள். என்னுடைய முதல் மரம் அப்படித்தான் போனது. பழைய கிணற்றுக் கட்டில் முளைத்திருந்த இத்தி. நல்ல கச்சான் நேரத்தில் பிடுங்கிச் சாடியில் வைத்தேன், இலை வாடியதும் பசளை கரைத்து ஊற்றினேன், அதற்கும் அசையவில்லை என்று திரும்பவும் பிடுங்கி மண்ணை மாற்றினேன். பதினெட்டாம் நாள் அடிமரம் வரை காய்ந்துவிட்டது. எது கொன்றது என்று இன்று வரை பிரித்துச் சொல்ல முடியாததுதான் எனக்கு அதிக கவலை.

அதனால் கீழே உள்ளதெல்லாம் காசு செலவில்லாத வேலையில் தொடங்கி, செலவு கூடிய வேலையில் முடியும். ஒன்றைச் செய்தால் ஏழு முதல் பத்து நாள் பொறுத்திருந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இடையில் எதையும் கலக்காதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்றும்

குச்சி. கழுவிக் காயவைத்த ஐஸ்பழக் குச்சி ஒன்றை, அடிமரத்துக்கும் சாடி விளிம்புக்கும் நடுவில், சாடியின் அடி தட்டும் வரை மெதுவாக இறக்குங்கள். பத்து நிமிடம் விட்டு எடுங்கள். நிறம் பூசாத மரக்குச்சி என்பதால் ஈரம் பட்ட இடம் நிறம் மாறியிருக்கும், கன்னத்தில் வைத்தால் குளிரும். மேல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது போதாது. மேலே வெள்ளையாகக் காய்ந்து, அடியில் சேறாகக் கிடக்கும் சாடிகளைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

துளை. சாடியைத் தூக்கி அடியைப் பாருங்கள். துளை இருக்கிறதா, வேரோ சேறோ அடைத்திருக்கிறதா? ஈர்க்கு ஒன்றை விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் ஏற வேண்டும். சாடிக்குக் கீழே அழகுக்கு வைத்த தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்தத் தட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நகம். கொப்பின் நுனிப் பக்கம் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறமாக உலர்ந்திருந்தால் கொஞ்சம் கீழே, பிறகு இன்னும் கீழே என்று அடிமரம் வரை வாருங்கள். ஆல், அரசு, இத்தி என்றால் இன்னும் எளிது: ஊசியால் குத்தினால் பால் வர வேண்டும். பால் வராத இடம் செத்த இடம்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, உங்கள் மரத்துக்குப் பொருந்தும் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: இலை வாடித் தொங்குகிறது

### குச்சி உலர்ந்து வந்தால்

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். பின்னேரம் இரண்டு மணிக்குத் தொங்கி, ஐந்தரைக்குத் தானாக நிமிர்ந்தால் அது வெயில் களைப்பு. சாடியைக் காலை வெயில் பட்டு மதிய வெயில் மறையும் பக்கம் நகர்த்துங்கள், அதோடு சரி. புளி, கொடுக்காய்ப்புளி வைத்திருப்பவர்கள் இரவில் இலை மடிந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். புளி இருட்டினால் இலை மூடும், விடிந்தால் விரிக்கும்.

காலையிலும் தொங்கினால் மரத்துக்குத் தாகம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "ஊத்தினனானே, அடியால தண்ணியும் வந்ததே" என்பார்கள். வரும்தான். நாற்றுமேடைகளில் பெரும்பாலும் தும்புத்தூள் கூடின கலவையில் கன்று வைத்திருப்பார்கள். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் உடனே தண்ணீரை ஏற்காது. ஊற்றிய தண்ணீர் வேர்க்கட்டிக்கும் சாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கால் சரிந்து துளையால் ஓடிவிடும். நடு வேர் உலர்ந்த பணியாரம் மாதிரிக் கிடக்கும். சாடியைத் தூக்கிப் பார்த்தால் தெரியும், தண்ணீர் ஊற்றிய பிறகும் பாரம் ஏறியிருக்காது.

செய்ய வேண்டியது: ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிச் சாடியை விளிம்பு மூழ்கும் வரை மெல்ல இறக்குங்கள். குமிழ் குமிழாகக் காற்று வரும். குமிழ் நிற்கும் வரை, பத்து முதல் இருபது நிமிடம், விடுங்கள். எடுத்து வடியவிட்டு, இரண்டு நாள் நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் குச்சி இறக்கிப் பாருங்கள்.

பிறகு கச்சான் முடியும் வரை காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை குச்சி பார்த்து ஊற்றுங்கள். ஓசுக் குழாயால் ஊற்றுபவர்கள் முதலில் வரும் தண்ணீரை நிலத்துக்கு விடுங்கள். வெயிலில் கிடந்த குழாய்க்குள் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அதை வேரில் ஊற்றினால் அன்றைக்கே இலை அவிந்த மாதிரி ஆகிவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி சீமெந்துத் தரையில் இருந்தால் இரண்டு செங்கல்லுக்கு மேல் தூக்கி வையுங்கள்.

இத்தனையும் செய்து, காற்று நேராக அடிக்காத இடத்தில் வைத்தும் அரை நாளில் காய்ந்துபோனால் சாடி முழுக்க வேர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சாடி மாற்ற வேண்டும். ஆனால் இப்போது மாற்றாதீர்கள், ஏன் என்பதைச் சாடி மாற்றும் தலைப்பில் பாருங்கள்.

### குச்சி ஈரமாக வந்தால்

மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் தண்ணீர் குடிக்கும் நிலையில் இல்லை. வாடுகிறதே என்று மேலும் ஊற்றுவதுதான் மரத்தைக் கொல்லும். மாரியில் என்னிடம் வரும் சாடிகளில் பெரும்பாலானவை இவைதான்.

முதல் வேலை, தண்ணீரை நிறுத்துவது. இரண்டாவது, சாடியின் ஒரு பக்கத்துக்குக் கீழே ஓட்டுத்துண்டு வைத்துச் சரித்து விடுவது. தட்டையாக இருந்தபோது வடிந்து முடிந்ததாகத் தெரிந்த சாடி, சரித்தவுடன் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவதை நீங்களே பார்ப்பீர்கள். மூன்றாவது, மழை படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள விறாந்தை ஓரத்துக்கு மாற்றுவது. அறைக்குள் கொண்டுபோனால் இன்னும் காயாது.

ஏழு நாளில் குச்சி காய்ந்து, இலை நிமிர்ந்தால் தப்பியது. இல்லாவிட்டால் மரத்தை மெல்லக் கழற்றி வேரைப் பாருங்கள். நல்ல வேர் நுனி வெள்ளையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உறை மாதிரிக் கழன்று, உள்ளே ஒரு நூல் மட்டும் நிற்கும். முகர்ந்தால் சாக்கடை வாசம் அடிக்கும். கறுத்ததை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, வடியும் கலவையில் திரும்ப வையுங்கள். ஆல், இத்தி என்றால் இலையில் பாதியை எடுத்துவிடலாம். புளியில் அப்படிச் செய்யாதீர்கள்.

யாரையாவது கூப்பிட வேண்டிய கட்டம்: வேரில் பாதிக்கு மேல் அழுகியிருந்தால், அதுவும் பல வருட மரமாக இருந்தால், நீங்களாக வெட்டாதீர்கள். போன்சாயில் கைபழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை அது. மரத்தைச் சாடியோடு ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது

மரம் வீட்டுக்கு வந்து எத்தனை நாள்?

மூன்று கிழமைக்குள் என்றால் பெரும்பாலும் இடம் மாறிய அதிர்ச்சி. இத்தி, ஆல் வகைகள் இடம் மாறினால் இலை கொட்டும். பசளை வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒவ்வொரு நாளும் இடம் மாற்றவும் வேண்டாம். நுனிக் குருத்து பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதுதான் காரணம், வேறெதையும் தேட வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் விளங்கும். ஆனால் இவை எல்லாம் வெளியில் வளரும் மரங்கள். விருந்தினர் வரும் நாளில் உள்ளே எடுத்து வைத்துவிட்டு இரவே வெளியே வையுங்கள். உள்ளே இருந்த மரத்தைத் திடீரென்று வெயிலில் வைத்தால் இலை எரியும். ஒரு கிழமை நிழல், அடுத்த கிழமை காலை வெயில், அதன் பிறகு முழு இடம் என்று பழக்குங்கள்.

அடியில் உள்ள பழைய இலை மட்டும் மஞ்சள், மண் சரியான ஈரம்: மரம் நன்றாகத் தளிர்க்கும் நேரமென்றால் பசளை போதவில்லை. அல்பேர்ட் என்று கடையில் விற்கும் கரையும் பசளையைப் பொதியில் போட்டிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து, ஈரமான மண்ணில், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊற்றுங்கள். வாடியிருக்கும் மரத்துக்கும் காய்ந்த மண்ணுக்கும் பசளை ஊற்றவே கூடாது.

புதுத் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்து ஏறவில்லை. புது சீமெந்துச் சாடியில் வைத்த மரங்களில் இதைப் பார்த்திருக்கிறேன், வெட்சியிலும் போகன்வில்லாவிலும் கூடுதலாக. சீமெந்தின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கிவிடுகிறது. சீமெந்துச் சாடி வாங்கினால் நடுவதற்கு முதல் ஒரு கிழமையாவது தண்ணீரில் ஊறப் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஏற்கெனவே நட்டிருந்தால் மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பாருங்கள். புதுத் தளிர் பச்சையாக வந்தால் காரணம் அதுதான்.

மண் எப்போதும் ஈரம்: மேலே போய் "குச்சி ஈரமாக வந்தால்" என்பதைச் செய்யுங்கள்.

## அறிகுறி: இலையின் ஓரமும் நுனியும் கருகுகிறது

நம்முடைய கரையோரத்துக்கு உரிய பிரச்சினை இது. வெளியூர்க்காரர்களின் போன்சாய்க் குறிப்புகளில் பெரிதாக இருக்காது. அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பாருங்கள்.

ஒரு பக்கத்து இலை மட்டும் கருகினால் காற்று. சாடியில் எந்தப் பக்கம் மேற்கைப் பார்த்திருந்தது என்று யோசியுங்கள், கருகியதும் அந்தப் பக்கம்தான் இருக்கும். கச்சான் நேராக அடிக்கும் இடத்தில் கிடுகாலோ நிழல் வலையாலோ ஒரு மறைப்புக் கட்டுங்கள். கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்குக் கிழக்குப் பக்கமிருந்து உப்புக் காற்றும் வரும். மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி விடுங்கள்.

எல்லாப் பக்கமும் கருகினால் உப்பு. சாடியின் விளிம்பையும் துளையின் வாயையும் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். உப்பு மூன்று வழியால் வருகிறது.

ஒன்று, கிணறு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் எப்படி உவர்த்துக் கிடந்தன என்பதைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது பெரிய அளவில் நடந்தது. சின்ன அளவில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது: ஓகஸ்ட், செப்டெம்பரில் கிணற்றுத் தண்ணீர் இறங்க இறங்க உவர் ஏறும். நாக்குக்குத் தெரியாத அளவு உவர் கூட ஒரு சாண் சாடிக்குள் நாளுக்கு இரண்டு தரம் ஊற்றி ஊற்றிச் சேர்ந்துவிடும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடித் துண்டொன்றில் ஒரு பக்கம் உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு தேக்கரண்டி, மறுபக்கம் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஒரு தேக்கரண்டி. வெயிலில் காயவிடுங்கள். மழைத் தண்ணீர் கிட்டத்தட்டச் சுவடு இல்லாமல் போகும். கிணற்றுத் தண்ணீர் தடித்த வெள்ளை வளையம் விட்டால் அதுதான் உங்கள் மரத்தின் வேரிலும் படிகிறது.

இரண்டு, மணல். கடற்கரை மணலைக் கழுவாமல் கலந்தவர்கள் பலர். கழுவினாலும் அது மிகவும் பொடி மணல், வடிகாலை அடைக்கும். ஆற்று மணலில் குறுணியாக உள்ளதை எடுங்கள். தும்புத்தூளும் உவர்த் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்திருந்தால் உப்போடுதான் வரும். இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள்.

மூன்று, பசளை. வெள்ளைக் குறுணியை அடிமரத்துக்குப் பக்கத்தில் குவித்து வைத்தாலோ, பச்சை மாட்டெருவைப் போட்டாலோ இதே கருகல் வரும். கண்ணுக்குத் தெரியும் பசளையைக் கரண்டியால் வழித்து எடுங்கள். எரு என்றால் நன்றாக மக்கி, மண் வாசம் வருவது மட்டும்.

எதுவானாலும் மருத்துவம் ஒன்றுதான்: கழுவி இறக்குவது. சாடி கொள்ளும் அளவைப் போல நாலைந்து மடங்கு நல்ல தண்ணீரை எடுத்து, பூவாளியால் மெதுவாக, பத்து நிமிட இடைவெளி விட்டு மூன்று தரமாக ஊற்றுங்கள். துளையால் தாராளமாக ஓட வேண்டும். கோடையில் மாதம் ஒருமுறை செய்யுங்கள். கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது, புது இலை சுத்தமாக வருகிறதா என்பதுதான் கணக்கு. மாரியில் கூரைப் பீலித் தண்ணீரைப் பரலில் மூடிப் பிடித்து வைத்தால் (நுளம்பு புகாமல் வலை கட்டி) சாடிகள் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு நெடுநாள் வரும்.

வெள்ளை வளையம் தடிப்பாக விழுந்த கிணற்றுக்காரர்கள் மழை நீரையோ குழாய் நீரையோ நம்புவது நல்லது. குழாய் நீரை ஒரு இரவு வாளியில் திறந்து வைத்து ஊற்றுவது என் வழக்கம்.

## அறிகுறி: இலை ஒட்டுகிறது, எறும்பு ஏறுகிறது, இலை மடிகிறது

எறும்பைக் கொல்ல வேண்டாம், அது எதைத் தேடி ஏறுகிறது என்று பாருங்கள். கொப்புக் கக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாப்பூச்சி. பட்டையோடு பட்டையாக, நகத்தால் தள்ளினால் கழலும் மண்ணிறப் பொட்டு என்றால் செதில் பூச்சி.

முதல் மூன்று நாள் கையால்: காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். சின்ன மரத்துக்கு இது போதும். தொடர்ந்தால் 1 லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. நன்றாகக் குலுக்கி, முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்து, பிறகு வெயில் சாய்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். ஏழு நாளைக்கு ஒருமுறை, மூன்று தரம்.

இத்தி இலை நடு நரம்போடு இரண்டாக மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே மயிர் அளவில் கறுப்பாக இலைப்பேன் ஊரும். மருந்து அந்த மடிப்புக்குள் போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளி, பைக்குள் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். குப்பையில் விசிறினால் அடுத்த தளிருக்கு அதுவே வரும்.

இலை மங்கி, அடியில் மெல்லிய வலை இருந்தால் சிற்றுண்ணி, கச்சான் காலத்தில் வரும். தண்ணீரை வேகமாக அடித்து இலையின் அடியைக் கழுவுங்கள்.

கூப்பிட வேண்டிய கட்டம்: மூன்று தரம் அடித்தும் குறையவில்லை, அல்லது வளவில் உள்ள எலுமிச்சை, கறிவேப்பிலைக்கும் பரவுகிறது என்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம். நோய்ப்பட்ட இலையைக் கடதாசிப் பையில் கொண்டுபோங்கள், பொலித்தீனில் வியர்த்து அழுகிவிடும். கடைக்காரர் ஊகத்தில் எடுத்துத் தரும் பூச்சிகொல்லியை வயல் அளவில் கலந்து முற்றத்தில் அடிக்காதீர்கள், பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

## அறிகுறி: கொப்பு நீளுகிறது, இலை பெருக்கிறது

வெளிச்சம் போதவில்லை. வெட்டி வெட்டிக் களைப்பதை விட இடத்தை மாற்றுங்கள். அரச மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதன் இலை இயல்பிலேயே பெரிது, சின்னச் சாடியில் இத்தி மாதிரி ஒடுங்காது. மரத்தில் குறையில்லை.

## அறிகுறி: சாடி மாற்றிய பிறகு சோர்ந்துவிட்டது

எந்த மாதத்தில் மாற்றினீர்கள்? ஜூன், ஜூலை என்றால் காரணம் கண்டுபிடித்தாயிற்று. வெட்டிய வேர் தண்ணீர் எடுக்கத் தொடங்கும் முன் கச்சான் இலையால் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். எங்கள் பக்கத்துக்கு நான் கண்டுகொண்ட நல்ல நேரம், காற்று விழுந்து, முதல் மழை எட்டிப் பார்க்கும் செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர். அடைமழைக்கு முதல் வேர் பிடித்துவிடும்.

அடுத்தது, மரம் ஆடுகிறதா? அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசையுங்கள். சாடியும் சேர்ந்து அசைய வேண்டும். மரம் மட்டும் அசைந்தால் புது வேர் ஒவ்வொரு காற்றுக்கும் அறுந்துகொண்டே இருக்கும். துளை வழியாகக் கம்பி கோத்து வேரடியைச் சாடியோடு கட்டுங்கள். ஆரம்பக்காரர் பத்துப் பேரில் ஒருவராவது இதைக் கட்டி நான் காணவில்லை. என் அனுபவத்தில் பாதி மரத்தைக் காப்பாற்றுவது இந்தக் கம்பிதான்.

பிறகு கலவை. வளவு மண்ணை அப்படியே போட்டிருந்தால் அது சாடிக்குள் இறுகிக் கல்லாகும். நான் பாவிப்பது: உடைத்த செங்கல் அல்லது பழைய ஓடு இரண்டு பங்கு, கழுவிய குறுணி மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. செங்கல்லை உடைத்து, மேசன்மார் மணல் அரிக்கும் வலையால் ஒருமுறை, நுளம்பு வலையால் ஒருமுறை அரியுங்கள். பெரிய வலையில் நின்றதைத் திரும்ப உடையுங்கள். நுளம்பு வலையால் விழுந்த தூளைக் கலவைக்குப் போடவே வேண்டாம், அந்தத் தூள்தான் வடிகாலை அடைக்கிறது. நடுவில் நிற்பது அரிசி மணியிலிருந்து உழுந்துப் பருமன் வரை இருக்கும். அதுதான் வேண்டியது.

வேர் வெட்டியது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால் ஒரு மாதம் நிழலும் காற்று மறைப்பும் கொடுங்கள். பசளை வேண்டாம். போகன்வில்லாவின் வேர் மிக மெல்லியது, மண்ணை உதறி எடுத்திருந்தால் இலை முழுக்கக் கொட்டும். கொப்பு பச்சையாக இருக்கும் வரை காத்திருங்கள்.

## அறிகுறி: ஒரு கொப்பு மட்டும் காய்கிறது

கொப்பை வளைக்கக் கம்பி சுற்றியிருந்தீர்களா? இத்தியில் கம்பி நாலு கிழமையிலேயே பட்டைக்குள் பதியத் தொடங்கும். இழுத்துக் கழற்றினால் பட்டையும் சேர்ந்து வரும். சின்ன வயர் வெட்டியால் ஒவ்வொரு சுற்றாகத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கம்பி இல்லை என்றால் கொப்பு அடியில் கறையான் மண் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கொப்பு காய்ந்தால் பிரச்சினை வேரில், முதல் தலைப்புக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: அடிமரம் மெத்தென்று இருக்கிறது

அடி பருத்து வளரும் அடீனியத்தில் வருவது, அதுவும் மாரியில். விரலால் அமுக்கினால் பழுத்த பப்பாசி மாதிரி உள்ளே போகும். அன்றைக்கே கழற்றி, மெத்தென்ற பகுதியைக் கத்தியால் நல்ல சதை வரும் வரை வெட்டி, ஒரு கிழமை நிழலில் மண்ணில்லாமல் காயவிட்டு, உலர்ந்த மணல் கலவையில் வையுங்கள். அதன் பால் நஞ்சு, கையைக் கழுவுங்கள். மென்மை நடு வரை போயிருந்தால் காப்பாற்ற வழியில்லை. நல்ல கொப்பொன்றை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைப்பதுதான் மிச்சம். நவம்பர் வந்ததும் அடீனியங்களை மட்டும் சீற்றுக் கூரைக்குக் கீழே எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: பச்சையாக இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் தளிரே இல்லை

ஜூனிப்பர் என்றால் மனதைத் தயார்ப்படுத்துங்கள். அது செத்து பல கிழமை சென்ற பிறகும் பச்சையாகத் தெரியும். விரலால் தடவினால் முள்ளிலை உலர்ந்து பொடிபடும். அது குளிர்காலத்தில் உறங்கி எழ வேண்டிய மரம். நம்முடைய ஊரில் அந்தக் குளிர் இல்லை. பைன், மேப்பிள் ஆகியவையும் அப்படித்தான். உங்கள் கையில் பிழையில்லை, மரத்துக்கு ஊர் பொருந்தவில்லை. இத்தி, ஆல், புளி, கொடுக்காய்ப்புளி, போகன்வில்லா என்று இந்த வெயிலில் பிறந்தோ பழகியோ உள்ளவற்றை வையுங்கள்.

## அறிகுறி: இலையே இல்லை, இருக்கா போயிட்டா?

சென்ற வருடம் ஆரையம்பதிப் பக்கமிருந்து ஒரு அம்மா ஒரு இலையும் இல்லாத இத்தியைக் கொண்டு வந்தா. "எறியத்தான் இருந்தன் மனே, மகள் விடல்ல." நுனியில் குத்தினேன், பால் இல்லை. நடுக் கொப்பில் இல்லை. மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் குத்தியபோது ஒரு துளி, கடுகளவு, வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அதற்கு மேலே இருந்ததை எல்லாம் வெட்டினோம். நிழலில் வைத்து, குச்சி காய்ந்தால் மட்டும் தண்ணீர், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஆறாவது கிழமை அந்தத் துளி வந்த இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குருத்து.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். பால் அல்லது பச்சை தெரிந்த இடத்துக்கு அரை அங்குலம் மேலே வெட்டி, எட்டுக் கிழமை வரை பொறுத்திருங்கள். எட்டாம் கிழமை மண்மட்டம் வரை சுரண்டியும் பச்சை இல்லை, வேரும் கறுத்து நொறுங்குகிறது என்றால் முடிந்தது. வேர் அழுகிச் செத்திருந்தால் எருவும் மணலும் கலந்த பகுதியை அடுத்த சாடிக்குப் பாவிக்க வேண்டாம். செங்கல் துண்டுகளை அரித்தெடுத்து, கொதி தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் பரப்பினால் திரும்பப் பாவிக்கலாம். சாடியை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, துளையில் புது வலைத்துண்டு வைத்து, ஒக்டோபர் வரை கவிழ்த்து வையுங்கள்.